ஓடிக்கிட்டுதான் இருக்கு

பழைய மின் அட்டையின் பின்பக்கத்தில்
பெட்ரோல் கணக்குப் போட்டேன்.
பெருமாள்புரத்திலிருந்து சேரன்மகாதேவி
போக இருபத்திரண்டு, வர இருபத்திரண்டு.
வருஷத்துக்கு இருநூற்றெண்பது வேலைநாள்.
லிட்டருக்குப் பதினேழு கொடுக்கும் சின்ன வண்டி ஒன்று.
இருபத்தாறு கொடுக்கும் ஹைபிரிட் ஒன்று,
அதுவும் சின்னதுதான்,
விலை மட்டும் இரண்டு லட்சத்து ஐயாயிரம் கூட.

பெருக்கினேன். வகுத்தேன்.
கூடக் கொடுத்த காசு திரும்பி வர
எட்டு வருஷம்.
மின்வாரியத்தில் எனக்குப் பாக்கியும்
எட்டு வருஷம்தான்.
அதாவது
லாபம் ஆரம்பிக்கிற அன்றைக்கு
எனக்குப் போக ஆபீஸ் இருக்காது.

இசக்கிராஜ் அட்டையை எட்டிப் பார்த்துச் சிரித்தார்.
“இதுக்கா மூணு ஞாயித்துக்கெழமை?
காருன்னா ஒசரமா, ஒரு எடுப்பு வேண்டாமாட்டி?
இது சோப்பு டப்பா கணக்கால்லா இருக்கு.”
தம்பி வண்டி மாதிரி வேண்டும் அவருக்கு.
நாங்குநேரி கல்யாணத்தில்
அதை நிறுத்த இடம் தேடி முடிப்பதற்குள்
மூன்று பந்தி முடிந்து
வெறும் ரசத்தோடு நாங்கள் எழுந்ததை
அவர் மறந்துவிட்டார்.
எனக்கு அந்த ரசம் இன்னும் நாக்கில் இருக்கிறது.

வண்ணார்பேட்டையில் ஷோரூம்.
டை இறுக்கிக் கட்டிய பையன், பேர் அஸ்கர்,
மேலப்பாளையத்துக்காரன்,
ஏறச் சொன்னான். பொத்தானை அமுக்கினேன்.
சத்தமே இல்லை.
மறுபடி அமுக்கினேன்.
“மேடம், மொதல் அமுக்குலயே ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு.
இப்பதான் ஆஃப் பண்ணிட்டீங்க.”

பைபாஸ் ஏறினதும் சொன்னான்:
“பிரேக் பிடிச்சா கரண்டு திரும்பி
பேட்டரிக்கே போயிரும்.”
இருபத்தாறு வருஷமாக அட்டையில்
யூனிட் எழுதுகிறவள் நான்.
பத்தமடையில், கோபாலசமுத்திரத்தில்
நாய் கட்டிய வாசல்களில் நின்று
போன கரண்டு போனதுதாம்மா என்று
எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.
இங்கே பச்சைக் கோடு ஒன்று
பின்பக்கமாக நகர்ந்து நிரம்பியது.
வேண்டுமென்றே இன்னொரு தடவை பிரேக் பிடித்தேன்.
பின்னால் வந்த மினிபஸ்காரன்
என் வம்சம் முழுவதையும் விசாரித்தான்.

டிக்கியை ஜாண் போட்டு அளந்தேன்.
பேட்டரி பிடித்துக்கொண்டது போக
ஒரு சிப்பம் அரிசி,
படுக்கவைத்தால் ஒரு வாழைத்தார்.
“பேட்டரி போச்சுன்னா எவ்வளவு தம்பி?”
அஸ்கர் அப்போதுதான் டையைத் தளர்த்தினான்.
“வாரண்டி இருக்கு மேடம்.
எட்டு வருஷம்.”

யோசிக்கணும் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

திங்கட்கிழமை ரயில்வே கேட்டில்
என் பதினாலு வருஷத்துப் பழைய வண்டியில்
பன்னிரண்டு நிமிஷம் இருந்தேன்.
நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது,
அதனால் நிறுத்துவதில்லை.
செங்கோட்டை ரயில் போகிற வரை
ஒரு அடி நகராமல்
நூற்றுமூன்று ரூபாய்ப் பெட்ரோல்
கடகடவென்று காலுக்குக் கீழே நடுங்கியது.
இதை அட்டையில் எங்கேயும் நான் எழுதவில்லை.
ஓடுகிற தூரத்தைத்தான் எழுதியிருந்தேன்.
மேலப்பாளையம் சந்தை நாள் நெரிசல்,
தருவைக்கிட்ட ஆடு கடக்கிற நேரம்,
எங்கள் ஆபீஸ் வாசலில்
ஜேஇ ஜீப் நகர்வதற்காக நிற்பது,
எதுவுமே கிலோமீட்டர் இல்லை.

கணக்கைத் திரும்பப் போடவில்லை.
கேட் திறந்ததும் அஸ்கருக்குப் போன் பண்ணினேன்.
வெள்ளை கிடையாது, ஒரு மாதிரி சாம்பல்தான்
உடனே இருக்கு என்றான். சரி என்றேன்.

முதல் நாள் காலை ஏழேகால்.
தெரு நடுவில் செவலை நாய் படுத்திருக்கிறது.
பழைய வண்டியின் இருமலுக்கு
நாலு வீடு தள்ளியே எழுந்து போகிற நாய்.
இப்போது பம்பர் மூக்கு வரைக்கும் வந்தும்
காதைக்கூட ஆட்டவில்லை.

“ஹாரன் அடி, செல்வராணி!”
கேட்டைப் பிடித்துக்கொண்டு இசக்கிராஜ் கத்துகிறார்,
லுங்கியோடு,
பொட்டு வைத்த பானெட்டை மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டு.

இருக்கட்டும்.
அது தானாக எழுந்திருக்கட்டும்.